மலிவு உலோகத்தைத் தேடி

தில்லி மாநகரின் தென்பகுதியில் ஹவுஸ் காஸ் என்று ஓர் இடம் உண்டு. 'ஹவுஸ்' என்பது குளத்தைக் குறிக்கும் சொல். அலாவுதீன் கில்ஜி தம் புதிய நகரத்து மக்களின் தண்ணீர்த் தேவைக்காக அங்கே ஒரு பெரிய குளம் வெட்டுவித்தார். நாளடைவில் தூர்ந்துபோன அக்குளத்தை 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தூர் வாரிச் செப்பனிட்டார். குளத்தின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது.

அக்குளத்திற்கு அண்மையில்தான் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்திருக்கிறது. நீரைக் குறைந்த செலவில் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு முறையில் தாம் வெற்றி கண்டிருப்பதாக 2020-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் எரிசக்தி மையம் அவ்வாய்வுக்குத் துணை நின்றது.

நீரைப் பிளப்பது புதிய வித்தையா? அன்று. அது 200 ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் அறிந்த செயலே. அவ்வறிவிப்பின் சிறப்பு 'குறைந்த செலவில்' என்னும் சொற்களில் அடங்கியிருக்கிறது. அச்சொற்களுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை நாம் அறிந்துகொண்டால்தான் தில்லியில் நடந்த முயற்சியின் மதிப்பையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர இயலும்.

1789-ஆம் ஆண்டில் டச்சு நாட்டைச் சேர்ந்த இருவர் மின்பொறிகளைச் செலுத்தி நீரினின்று வாயுக்கள் எழக் கண்டனர். 1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்டா மின்கல அடுக்கைப் படைத்தார். அச்செய்தி இலண்டனை எட்டிய சில வாரங்களிலேயே நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அத்தகைய அடுக்கு ஒன்றைத் தாமே அமைத்து, அதன் இரு முனைகளையும் நீரில் அமிழ்த்தினர். ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறு முனையில் ஆக்ஸிஜனும் குமிழிகளாக எழுந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனிப்பூதம் என்று எண்ணப்பட்டுவந்த நீர், இரண்டு வாயுக்களின் கூட்டே என்பது இவ்வாறு கண்கூடாயிற்று.

ஆனால் நீர் எளிதில் பிளவுபடுவதன்று. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது இயற்கை விதித்த கணக்கு. அக்கணக்கை எவராலும் குறைக்க இயலாது. நடைமுறையிலோ அதற்கு மேலும் ஆற்றல் செலவாகிறது. மலைக்கு அப்பாலுள்ள ஊருக்குச் செல்பவன், ஊர் எவ்வளவு அருகிலிருந்தாலும் மலையுச்சிக்கு ஏறித்தானே இறங்க வேண்டும்? அந்த ஏற்றத்திற்கு ஆகும் வீண் செலவைக் குறைப்பதற்கு ஒரு கணவாய் கிடைத்தால் போதும். இரசாயன மாற்றங்களில் அத்தகைய கணவாயாக அமையும் பொருளையே வினையூக்கி என்கிறோம். கிரியா ஊக்கி என்றும் கூறுவர். தான் செலவாகாமல் மாற்றத்தை விரைவுபடுத்துவது அதன் இயல்பு. கலியாணத் தரகர் இரு குடும்பத்தாரையும் கூட்டிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவதைப் போன்றது அதன் தொழில் எனலாம். பாகப்பிரிவினையை முடித்துவைக்கும் பெரியவரைப் போலப் பிரிக்கவும் அது அறியும்.

இவ்வியல்பு தெளிவாக வெளிப்பட்ட பொருள்களுள் ஒன்று பிளாட்டினம். 1823-இல் ஜெர்மானிய அறிஞர் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைச் செலுத்தியபோது அது தானே தீப்பற்றிக்கொண்டது. இத்தகைய நிகழ்ச்சிகளையெல்லாம் தொகுத்து நோக்கிய சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் 1835-இல் இவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் சூட்டினார். அன்றுமுதல் வினையூக்கி என்றால் பிளாட்டினமே முதலில் நினைவுக்கு வந்தது. நீரினின்று ஹைட்ரஜனைப் பிரிப்பதிலும் அதனை விஞ்சும் தனி உலோகம் இன்றுவரை இல்லை.

பிளாட்டினமோ பொன்னோடு வைத்து எண்ணப்படும் உலோகம். ஆய்வுச்சாலை மேசைமீது ஒரு துண்டு பிளாட்டினம் இருந்தால் போதும். ஒரு நாட்டின் தேவைக்கு அது போதுமா? இக்கேள்வி ஹைட்ரஜனுக்கு முன்பே வேறு இரு தொழில்களில் எழுந்தது. அவை இதற்கு எவ்வாறு விடை கண்டன என்பது நம் வரலாற்றில் இன்றியமையாத பகுதி.

முதலாவது கந்தகாமிலத் தொழில். பிரிஸ்டல் நகரத்துக் காடி வணிகர் பெரகிரின் பிலிப்ஸ் 1831-இல் ஒரு காப்புரிமை பெற்றார். கந்தக டைஆக்ஸைடையும் காற்றையும் சூடான பிளாட்டினத்தின் மீது செலுத்தினால் அவை இணைகின்றன. அவ்வாறு இணைந்ததிலிருந்து கந்தகாமிலம் செய்யலாம் என்பது அவர் கண்ட முறை. முறை சரியானதே. ஆயினும் அது தொழிலாக ஓங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பிளாட்டினத்தின் விலை ஒரு தடை. கந்தகத் தாதுக்களில் கலந்துள்ள பாஷாணம் மிகச் சிறிய அளவிலேயே பிளாட்டினத்தின் திறனைக் கெடுத்துவிட்டது மற்றொரு தடை. இறுதியில் வனேடியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு அவ்விடத்தைப் பிடித்தது. விலையும் குறைவு, பாஷாணத்தையும் அது பெரிதும் தாங்கியது. இன்று உலகெங்கும் கந்தகாமிலம் வனேடியத்தைக் கொண்டே செய்யப்படுகிறது.

இரண்டாவது அம்மோனியாத் தொழில். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா ஆக்க முடியும் என்று 1909-இல் பிரிட்ஸ் ஹேபர் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது ஆஸ்மியம் என்னும் அரிய உலோகம். உலகெங்கும் தேடினாலும் ஒரு தொழிற்சாலைக்குப் போதுமான ஆஸ்மியம் கிட்டுவது அரிது. பாடிஷ் நிறுவனத்தில் கார்ல் பாஷின் கீழ்ப் பணியாற்றிய ஆல்வின் மிட்டாஷ் மாற்றுப் பொருள் தேடும் பொறுப்பை ஏற்றார். ஆயிரக்கணக்கான கலவைகளை அவர் குழுவினர் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். முடிவில் வென்றது சாதாரண இரும்பு. சுவீடன் நாட்டுக் காந்தக்கல் தாது ஒன்று வியக்கத்தக்க திறனைக் காட்டியது. அதனுள் கலந்திருந்த பிற பொருள்களே அத்திறனுக்குக் காரணம் என்று உணர்ந்து, அலுமினா, பொட்டாஷ் முதலியவற்றை இரும்போடு சேர்த்துப் பயன்படுத்தினர். 1913-இல் ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு அம்மோனியாவிலிருந்து பிறக்கும் உரத்தை நம்பியிருக்கிறது. ஆஸ்மியமே கதி என்று இருந்திருந்தால் அந்த உணவு விளைந்திராது.

இவ்விரு வரலாறுகளும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. ஒரு மாற்றம் நிகழக்கூடியது என்பதை அரிய உலோகம் காட்டுகிறது. அதன் பயனை எளியோர் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது மலிவான உலோகம். முன்னதைக் கண்டவரின் புகழ் எங்கும் பரவுகிறது. பின்னதைத் தேடியவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு பெரும்பாலும் ஏடுகளிலேயே உறங்குகிறது.

அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்ற கேள்வி சுதந்திர இந்தியாவையும் எதிர்கொண்டது. உணவுப் பஞ்சம் வாட்டிய காலம் அது. 1951-இல் உற்பத்தியைத் தொடங்கிய சிந்திரி உரத் தொழிற்சாலை, நிலக்கரியிலிருந்து கிடைக்கும் கோக்கையும் நீராவியையும் கொண்டு ஹைட்ரஜனைப் பெற்றது. நிலக்கரி வயல்களுக்குத் தொலைவிலிருந்த பஞ்சாபில் வேறு வழி காண வேண்டியிருந்தது. அங்கே சட்லெஜ் நதியில் பக்ரா அணைத்திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. நீர் உண்டு, நீர்வீழ்ச்சியால் பிறக்கும் மின்சாரமும் உண்டு. அவ்விரண்டையும் கொண்டே உரம் செய்யலாம் என்று திட்டமிட்டனர்.

அதன் பயனாக 1961-இல் நங்கல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இத்தாலி நாட்டு டி நோரா நிறுவனத்தின் மின்பகுப்புக் கலங்கள் அங்கே வரிசை வரிசையாக நிறுவப்பட்டன. மணிக்கு ஏறத்தாழ 30,000 கன மீட்டர் ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்கும் திறன் அவற்றுக்கு இருந்தது. உலகின் மிகப் பெரிய மின்பகுப்பு நிலையங்களுள் ஒன்றாக நங்கல் விளங்கியது. நார்வே நாட்டு மின்பகுப்பு ஆலைகளோடும் எகிப்தின் அஸ்வான் ஆலையோடும் வைத்து எண்ணப்பட்ட பெருமை அதற்கு உண்டு. நீரை மின்பகுக்கும்போது எஞ்சும் நீரில் கனநீரின் அளவு மிகுவதால், இந்தியாவின் முதல் கனநீர் நிலையமும் 1962-இல் அங்கேயே அமைந்தது.

நாம் இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நங்கல் போன்ற ஆலைகளின் கலங்களில் பிளாட்டினம் இல்லை. காரம் கலந்த நீரில் இரும்பும், நிக்கல் பூசிய இரும்புமே மின்முனைகளாக அமைகின்றன. 60 ஆண்டுகளுக்கு முன்பே, இந்திய மண்ணில், மலிவான உலோகத்தைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனை டன் கணக்கில் எடுத்திருக்கிறோம்.

அங்ஙனமாயின் அம்முறை ஏன் நிலைக்கவில்லை? குறை மின்சாரத்தில் இருந்தது. பஞ்சாபிலும் அண்டை மாநிலங்களிலும் கிணற்றுப் பம்புகளும் ஆலைகளும் பெருகின. பக்ரா மின்சாரத்தை எல்லோரும் வேண்டினர். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க இயற்கைக் கணக்குப்படி ஏறத்தாழ 39 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையிலோ 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. இவ்வளவு மின்சாரத்தை உரத்திற்கென்று ஒதுக்குவது வரவரக் கடினமாயிற்று. 1978-இல் எரியெண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் புதிய பிரிவு நங்கலில் இயங்கத் தொடங்கியது. 2013-இல் அவ்வாலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

மலிவு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதை நங்கல் நமக்கு உணர்த்துகிறது. உலோகத்தின் விலை குறைவாக இருப்பது ஒன்று. அவ்வுலோகம் மின்சாரத்தை வீணாக்காதிருப்பது மற்றொன்று. 39 யூனிட்டுக்கும் 50 யூனிட்டுக்கும் இடையே உள்ள இழப்பில் ஒரு பெரும்பகுதி, வினையூக்கியின் திறன் குறைவால் நேர்வது. விலை குறைந்த உலோகம் மின்சாரத்தைத் தின்றுவிடுமானால் அது மலிவான உலோகம் ஆகாது. சில மாதங்களில் அரித்துப்போகுமானாலும் ஆகாது.

இந்த இழப்பைக் குறைக்க ஒரு வழி 1960-களில் அமெரிக்காவில் பிறந்தது. காரநீருக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றை இடையே வைத்துச் செய்யும் கலங்கள் உருவாயின. அவை சிறியவை, மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் உடனே அதற்கேற்ப இயங்க வல்லவை. வெயிலையும் காற்றையும் நம்பிய மின்சாரத்திற்கு அவை மிகவும் ஏற்றவை. ஆயினும் அச்சவ்வு அமிலத் தன்மை வாய்ந்தது. இரும்பும் நிக்கலும் அதில் கரைந்துபோகும். ஆகவே ஹைட்ரஜன் எழும் முனையில் பிளாட்டினமும், ஆக்ஸிஜன் எழும் முனையில் இரிடியமும் வேண்டியிருக்கின்றன. இரிடியம் உலகெங்கும் சேர்த்து ஆண்டுக்கு 7 அல்லது 8 டன் அளவே கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஆஸ்மியத்தின் கதை மீண்டும் நம் முன்னே வந்து நிற்கிறது.

எனவே மிட்டாஷின் வழியிலேயே அறிஞர்கள் மீண்டும் தேடத் தொடங்கினர். 1987-இல் கொரிகன் என்ற அமெரிக்க அறிஞர், நிக்கல் ஆக்ஸைடில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்திருந்தாலே ஆக்ஸிஜன் எழும் வேகம் பெருகுவதைக் கண்டறிந்தார். மாசு என்று கருதப்பட்ட இரும்பே மருந்தாயிற்று. இன்று காரநீர்க் கலங்களுக்கு நிக்கல்-இரும்புக் கூட்டு மிகச் சிறந்த வினையூக்கிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் மாலிப்டினம் சல்பைடு ஹைட்ரஜனைப் பிரிக்கவும் உதவும் என்று 2005-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். அதன் தகடுகளின் விளிம்புகளே வேலை செய்கின்றன என்பது 2007-இல் தெளிவாயிற்று. நிக்கலும் பாஸ்பரமும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் 2013 முதல் பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றன.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைத் தலைமை தாங்கி நடத்திய சாந்தி ஸ்வரூப் பட்நாகர், நாடெங்கும் தேசிய ஆய்வுச்சாலைகளை நிறுவ முற்பட்டபோது, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு காரைக்குடியில் அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் திருநாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். மின்சாரத்தால் நிகழும் இரசாயன மாற்றங்களுக்கென்றே அமைந்த அந்நிலையம், நீரைப் பிளக்கும் மலிவான வினையூக்கிகளைப் பற்றிய ஆய்வுகளையும் நடத்திவருகிறது.

இனி நாம் தில்லிக்குத் திரும்புவோம். ஹவுஸ் காஸ் ஆய்வாளர்கள் மேற்கொண்டது மின்சார வழியன்று, வெப்ப வழி. கந்தக-அயோடின் சுழற்சி என்று அதனைக் கூறுவர். 1970-களில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் அதனை வகுத்தது. நீரை வெப்பத்தால் மட்டும் நேரடியாகப் பிளக்க 2,000 பாகைக்கும் மேற்பட்ட சூடு வேண்டும். அதைத் தவிர்த்து மூன்று படிகளில் செயலை முடிப்பது இச்சுழற்சியின் நோக்கம். முதற்படியில் நீர், அயோடின், கந்தக டைஆக்ஸைடு மூன்றும் சேர்ந்து இரண்டு அமிலங்களாகின்றன. ஒன்று ஹைட்ரஜன் அயோடைடு, மற்றொன்று கந்தகாமிலம். இரண்டாம் படியில் முன்னதை ஏறத்தாழ 450 பாகையில் சூடாக்கினால் ஹைட்ரஜன் பிரிந்து அயோடின் மீளக் கிடைக்கிறது. மூன்றாம் படியில் கந்தகாமிலத்தை ஏறத்தாழ 850 பாகையில் சூடாக்கினால் ஆக்ஸிஜன் பிரிந்து கந்தக டைஆக்ஸைடு மீளக் கிடைக்கிறது. அயோடினும் கந்தகமும் போட்ட முதலைப் போலத் திரும்பி வந்துவிடுகின்றன. செலவாவது நீரும் வெப்பமுமே.

மூன்றாம் படியே இம்முறையின் கடினமான இடம். கொதிக்கும் கந்தகாமில ஆவியில் பெரும்பாலான உலோகங்கள் அரித்துப்போகின்றன. ஆற்றல் செலவும் அங்கேதான் மிகுதி. பிளாட்டினம் அங்கே நன்கு உதவும். ஆயினும் கடும் வெப்பத்தில் அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு திறன் இழக்கின்றன, விலையோ மிகுதி. பிரிஸ்டல் வணிகர் 1831-இல் கண்ட மாற்றத்தை இங்கே எதிர்த்திசையில் நிகழ்த்த வேண்டும் என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அன்று கந்தக டைஆக்ஸைடோடு ஆக்ஸிஜனைச் சேர்த்தனர், இன்று பிரிக்கிறோம். அன்றும் பிளாட்டினமே முதலில் வந்தது. இன்றும் அதற்கு மாற்றுத் தேட வேண்டியிருக்கிறது.

தில்லிக் கழகத்தின் இரசாயனப் பொறியியல் துறையில் பேராசிரியை ஸ்ரீதேவி உபாத்யாயுலாவும் அவர்தம் குழுவினரும் ஈடுபட்டது இந்தப் படியில்தான். அமிலத்தைப் பிரிக்கும் இப்படிக்கு ஏற்ற வினையூக்கியை வடிவமைத்ததே தம் முயற்சியின் மையப் பயன் என்று அக்கழகம் தெரிவித்தது. பிற நாடுகளிலும், மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தேடல் நடந்திருக்கிறது. இரும்பு ஆக்ஸைடும், அதனோடு குரோமியம் சேர்ந்த ஆக்ஸைடும் பலவிடங்களில் சோதிக்கப்பட்டுள்ளன. இரும்பு ஆக்ஸைடு என்றால் வேறொன்றுமன்று. நாம் நாளும் காணும் துருவைச் சேர்ந்த பொருளே அது.

இச்சுழற்சி தொழிலளவில் இன்னும் எங்கும் இயங்கவில்லை. ஆய்வுச்சாலையில் கண்ட வெற்றி ஆலையில் நிலைபெற நெடுங்காலம் ஆகும் என்பதற்குக் கந்தகாமிலத்தின் கதையே சான்று. 850 பாகை வெப்பத்தை எங்கிருந்து பெறுவது என்பதும் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. உயர்வெப்ப அணு உலைகளையும் சூரிய வெப்பத்தையும் அறிஞர்கள் இதற்காகக் கருதுகின்றனர். நங்கலில் மின்சாரம் எவ்வாறு விதியை நிர்ணயித்ததோ, அவ்வாறே இங்கு வெப்பம் நிர்ணயிக்கும்.

ஆயினும் காலம் மாறியிருக்கிறது. காற்றாலைகளின் மின்சாரத்தால் நீரைப் பிளந்து ஹைட்ரஜனைச் சேமிக்கும் காலம் வரும் என்று 1923-இல் கேம்பிரிட்ஜில் ஹால்டேன் என்னும் அறிஞர் கூறினார். பின்னாளில் இந்தியாவையே தாயகமாகக் கொண்டு 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். அவர் கூறிய காலம் இப்போது வந்திருக்கிறது. 2023 ஜனவரி 4-ஆம் நாள் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஹைட்ரஜனைத் தூய வழியில் செய்வது அதன் குறிக்கோள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹைட்ரஜனால் ஓடும் பேருந்துகள் தில்லிக் கர்த்தவ்ய பாதையில் தொடங்கிவைக்கப்பட்டன.

பேருந்து கண்ணுக்குத் தெரியும் காட்சி. உரம் கண்ணுக்குத் தெரியாத செய்தி. இந்தியாவில் இன்று பயன்படும் ஹைட்ரஜனின் பெரும்பகுதி உர ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் செல்கிறது. அது ஏறத்தாழ முழுவதும் இயற்கை எரிவாயு முதலியவற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. அவ்வாறு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது 9 அல்லது 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரிவாயுவில் ஏறத்தாழ பாதியை நாம் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம். தொலைநாட்டில் ஒரு போர் மூண்டால் தஞ்சாவூர் வயலுக்கு இடும் யூரியாவின் செலவு ஏறுகிறது. நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் செலவு குறையுமானால் அந்தக் கட்டு தளரும்.

ஹவுஸ் காஸுக்குத் தெற்கே மெஹ்ரோலியில் இரும்புத்தூண் ஒன்று நிற்பதை நேயர்கள் அறிவீர்கள். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அத்தூணைப் படைத்த கொல்லர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. மலிவான உலோகத்திடம் அரிய வேலையை வாங்கிய கைகள் அவை. இன்று ஆய்வுச்சாலைகளில் ஒரு கலவை தோற்றால் மறு கலவையைச் சோதித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களும் அம்மரபினரே. அவர்கள் தேடலுக்குப் பொறுமையும் பொருளுதவியும் பல ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஓராண்டில் புகழ்ந்து மறு ஆண்டில் மறந்துவிடுவோமானால், நீர் நிறைந்த நாட்டில் நாம் எரிவாயுவுக்குக் கையேந்தியே நிற்போம்.